மலை தெரியும் மனை

1978-இல் எங்கள் அப்பா திருவண்ணாமலையை ஒட்டிய அடி அண்ணாமலையில் வீடு கட்ட மனை தேடினார். மலை தெரிகிறதா என்று அவர் யாரையும் கேட்கவில்லை. மலை தெரியாத இடம் என்று ஊரில் ஒன்று இருந்தால்தானே கேட்பதற்கு! அம்மாவுக்கோ மலைமேல் ஒரு மனக்குறையே உண்டு. ஊர் மலைக்கு மேற்கே இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்களுக்கு விடிந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் வெயில் மலையைத் தாண்டி எங்கள் வாசலுக்கு வரும். வடகம் சீக்கிரம் காயாது. மார்கழியில் குளிர்காய இடம் தேடி அலைய வேண்டும். "சாமிதான், இல்லேன்னு சொல்லல. கொஞ்சம் தள்ளி உக்காந்திருக்கக் கூடாதா?" என்பார். மனை விஷயத்தில் அவர் கேட்டதெல்லாம் பக்கத்தில் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் மனுஷர்கள், கூப்பிடாமலே வந்துவிடும் தூரத்தில் நாத்தனார் இல்லாமை.

2023-இல் நான் அதே ஊரில் மனை பார்க்கப் போனேன். பாகப்பிரிவினையில் பழைய வீடு அண்ணனுக்குப் போயிருந்தது. சென்னையில் பணி ஓய்வு பெற்றுத் திரும்பிய எனக்கு ஒரு கூரை வேண்டும். புரோக்கர் கார் கதவைத் திறந்து இறங்குவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். "ஈஸ்ட் ஃபேசிங், ஹில் வியூ சார். காலைல ஜன்னலைத் திறந்தீங்கன்னா நேரா அண்ணாமலையார் தரிசனம். அந்த வரிசைக்கு மட்டும் சதுர அடிக்கு இருநூறு ரூபா கூட."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். எண்பதைத் தாண்டிய அம்மா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "காசு குடுத்து நிழலை வாங்கப் போறியா?"

வெளியூர்க்காரர்களுக்கு ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதில் பெரிய கோயிலுக்கு நேர் பின்புறமாக, மலைக்கு அந்தப் பக்கம் இருப்பது எங்கள் ஊர். இங்குள்ள ஆதி அருணாசலேசுவரர் கோயிலை பிரம்மாவே நிறுவினார் என்பது தலபுராணம். திருவெம்பாவை பாடிய மாணிக்கவாசகருக்கும் இங்கே தனிக் கோயில் உண்டு. இவ்வளவு பெருமை இருந்தும், எங்கள் சின்ன வயதில் டவுனிலிருந்து எங்கள் ஊருக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். "மலைக்குப் பின்னாடியா? இருட்டினா நரி வருமே!" அன்றைய கிரிவலம் என்றால் புளிய மரங்களின் நிழலில் சில சாதுக்கள், பௌர்ணமிக்குப் பக்கத்து ஊர் ஜனம், அவ்வளவுதான். இன்று பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கில் கூட்டம். 2024-இல் திருவண்ணாமலை மாநகராட்சியானதிலிருந்து புரோக்கர்கள் சுற்றுவட்டாரத்தில் எந்த முள்ளுக்காட்டைக் காட்டினாலும் "கார்ப்பரேஷன் லிமிட் சார்" என்றுதான் காட்டுகிறார்கள்.

அப்பா வாங்கியது ஆறு சென்ட். அளந்து கொடுத்தவர் ஊர்க் கணக்கரான கர்ணம். பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது 1980-இல். அதற்கு இரண்டு வருஷம் முந்தைய கதை இது. இரும்புச் சங்கிலியை ஒரு முனையில் வெட்டியான் பிடிக்க, மறு முனையைக் கர்ணத்தின் கையாள் இழுக்க, கர்ணம் குடைக்குள் நின்றபடி "இழு, இழு, தொய்யுது" என்பார். தொய்வு யார் பக்கம் என்பது முன்தினம் யார் அவருக்குக் காய்கறி அனுப்பினார்கள் என்பதைப் பொறுத்தது என்று ஊரில் பேச்சு. அப்பா பள்ளிக்கூட வாத்தியார், அனுப்பத் தோட்டமில்லை. சங்கிலி நேராகவே இருந்ததாகச் சொல்வார்.

அந்தக் கிரயப் பத்திரம் இன்னும் இருக்கிறது. பத்திர எழுத்தரின் சாய்ந்த கையெழுத்து, மூச்சு விடாமல் ஒரு பக்கத்துக்கு ஓடும் ஒரே வாக்கியம். நான்கெல்லையில் கிழக்கே தெரு, வடக்கே இன்னார் மனை, மேற்கே ஒரு புளிய மரமும் நஞ்சை நிலமும், தெற்கே ஏரிக்குத் தண்ணீர் போகும் வாய்க்கால். நிலத்தை விற்றவர், வாங்கியவர், எழுதியவர், சாட்சி போட்ட இருவர் என ஐந்து பேரும் அந்த வாய்க்காலில் கால் கழுவிவிட்டுத்தான் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்குப் போயிருப்பார்கள்.

என் பத்திரத்தில் அந்தப் பேச்சே இல்லை. சர்வே எண், உட்பிரிவு எண், மனை எண், கிழக்கே 30 அடி ரோடு. கணினியில் அடித்தது, போட்டோ ஒட்டியது, விரல் ரேகை பதிந்தது. இதற்கு அரசுக்கு நான் கட்டியது முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும். முந்தைய வருஷம் வாங்கியிருந்தால் பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்திருக்கும் என்று புரோக்கர் சொன்னார். அதைக் குறைத்ததே தாம்தான் என்கிற தோரணை. கூடவே வழிகாட்டி மதிப்பு ஏறியதை மட்டும் சொல்லவில்லை.

காகிதங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு காலத்தில் ஜவ்வந்திப் பூ நிறத்தில் கல் நட்டு, கொடி கட்டி, வேனில் ஏற்றிக்கொண்டு போய்ச் சாப்பாடு போட்டு, ஏதோ ஒரு 'நகர்' என்று பெயர் வைத்து வயல்களை விற்றார்கள். ரோடும் கிடையாது, அனுமதியும் கிடையாது. 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அனுமதியில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்ட பிறகுதான் அந்த வேன்கள் நின்றன. அடுத்த வருஷம் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன, ரேரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது எட்டு மனைக்கு மேல் போட்டு விற்றால் ரேராவில் பதிந்தாக வேண்டும். நல்ல சட்டம். ஆனால் வாங்கிய மனையில் நாமே ஆள் பிடித்து வீடு கட்டும்போது அந்தச் சட்டம் வாசலோடு நின்றுகொள்கிறது. அங்கே நமக்கும் பில்டருக்கும் நடுவில் இருப்பது நாம் போட்டுக்கொண்ட ஒப்பந்தமும் அவருடைய மனசாட்சியும்தான். இதைப் பலர் கான்கிரீட் போட்ட பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். பெரிய மனைப்பிரிவில் பூங்காவுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்றும் விதி உண்டு. எங்கள் மனைப்பிரிவிலும் பூங்கா இருக்கிறது. சீமைக்கருவேலத்துக்கு நடுவில் 'பூங்கா' என்று போர்டு நிற்கிறது.

அப்பா காலத்தில் பில்டர் என்று யாரும் இல்லை. மேஸ்திரிதான். வீட்டின் பிளான் மேஸ்திரியின் கையில் இருந்த வேப்பங்குச்சியில் இருந்தது. மனையில் மணலைத் தட்டிவிட்டு, "இது திண்ணை, இது ரேழி, இது கூடம் வாத்தியாரே, சமையல் அக்னி மூலைல" என்று கோடு இழுத்தார். அம்மா வந்து, "அடுப்படி இவ்ளோண்டுதானா?" என்றார். மேஸ்திரி காலால் ஒரு கோட்டை அழித்து ஒரு முழம் தள்ளிப் போட்டார். பிளான் திருத்தம் முடிந்தது, கட்டணம் ஒரு டம்ளர் மோர். கூடத்தின் அளவை மட்டும் மனையடி சாஸ்திரப்படி வைத்தார். பதினாறு அடிக்கு ஒரு அங்குலம் கூடினாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

அந்த நாளில் தட்டுப்பாடு சிமென்டுக்குத்தான். சிமென்ட் அரசு கட்டுப்பாட்டில் இருந்தது, பர்மிட் வேண்டும். தாலுகா ஆபீசில் மனு போட்டு, இத்தனை மூட்டை என்று எழுதி வாங்க வேண்டும். கேட்டதில் பாதிகூட வராது. 1982-இல் மகாராஷ்டிர முதலமைச்சர் அந்துலே பதவி விலகியதே சிமென்ட் ஒதுக்கீட்டு விவகாரத்தில்தான். பம்பாயில் முதலமைச்சரையே கவிழ்த்த பொருள் அடி அண்ணாமலை வாத்தியாருக்கு எப்படிச் சுலபமாகக் கிடைக்கும்? அந்த வருஷம் கட்டுப்பாட்டைப் பாதி தளர்த்தினார்கள், 1989-இல்தான் முழுதும் எடுத்தார்கள். ஆகவே வந்த சில மூட்டைகளைத் தரைக்கும் தொட்டிக்கும் ஒதுக்கிவிட்டு, மெத்தை என்கிற மேல்தளத்தைச் சுண்ணாம்பில் போட்டார் மேஸ்திரி.

அதைக் கண்ணால் பார்த்தவன் நான். மரக்கட்டை உத்தரங்களுக்கு மேல் சின்னச் சின்ன செங்கல்லைக் குத்துவாட்டில் சாய்த்து அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து கொட்டுவார்கள். பிறகு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கைப்பிடி வைத்த மரக்கட்டையால் தட்டத் தொடங்குவார்கள். ஒருத்தி கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டே போவாள். ஒரு பாட்டு, பாட்டின் தாளத்துக்குத் தட்டு. கட்டை எகிறிக் குதிக்க வேண்டும், அதுவரை தட்ட வேண்டும். நாள் கணக்கில் நடக்கும். நாங்கள் பிள்ளைகள் அந்த வெல்லத் தண்ணீரை விரலால் தொட்டு நக்கிவிட்டுக் கடுக்காய்த் துவர்ப்பில் முகம் சுளிப்போம், மறுபடி நக்குவோம். பிறகு மேலே தட்டோடு பதித்தார்கள். அண்ணன் வீட்டில் அந்த மெத்தை இன்றும் இருக்கிறது. ஓரமாக ஓரிடத்தில் ஒழுகும். அது அப்போதிலிருந்தே ஒழுகுகிறது.

ஏனென்றால் மேஸ்திரி அந்த ஓரத்தை முடிக்காமல் கார்த்திகை தீபத்துக்குப் போய்விட்டார். பத்து நாள் திருவிழா, அவர் பொரி உருண்டைக் கடை போடுவார். திரும்பி வந்தபோது ஐப்பசியில் மிச்சமிருந்த மழையும் கார்த்திகை மழையும் சேர்ந்து நனைத்திருந்தது. அப்பா கோபித்தார். "வாத்தியாரே, வீடு எங்க போயிடப் போகுது? தீபம் வருஷத்துக்கு ஒரு தபாதான்" என்றார் மேஸ்திரி. பேச்சு முடிந்தது. அந்தக் காலத்து மேஸ்திரிகள் எல்லாம் சொன்ன தேதிக்கு முடித்த உத்தமர்கள் என்று யாராவது கதை சொன்னால் எங்கள் அண்ணன் வீட்டு ஓரத்தில் மழைக்காலத்தில் வைக்கும் குண்டானை வந்து பார்க்கட்டும்.

என் பில்டர் முதல் சந்திப்பிலேயே லேப்டாப்பைத் திறந்து முப்பரிமாணப் படம் காட்டினார். வெள்ளை வீடு, கண்ணாடிக் கைப்பிடி, வாசலில் நான் வாங்கப்போவதில்லை என்று எனக்கே தெரிந்த ஒரு கார். பின்னால் ஒரு மலை. பச்சைப் பசேலென்று, மேகம் தவழ்ந்தபடி.

"இது எந்த மலைங்க?"

"நம்ம மலைதான் சார்."

"நம்ம மலை கிழக்கால இருக்கு. இது வீட்டுக்குப் பின்னாடி, மேற்கால இருக்கு. அதுவும் பார்க்க ஊட்டி மாதிரி இருக்கு."

"அது டெம்ப்ளேட் சார். ஒரு ஃபீலுக்கு" என்றார்.

அப்பா காலத்தில் கூலி சதுரத்துக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். சதுரம் என்றால் நூறு சதுர அடி. இப்போது பேச்சு சதுர அடிக்கு. நூற்றில் ஒரு பங்கான அளவில் விலை சொன்னால் கேட்பவருக்கு நெஞ்சு அடைக்காது என்று யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். சதுர அடி 2,500 என்றார் பில்டர். அதில் செப்டிக் டேங்க் வராது, சம்ப் வராது, காம்பவுண்டு சுவர் வராது, போர் வராது. மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து தமிழ்நாட்டில் கட்டாயம், அதுவும் எக்ஸ்ட்ரா. "அப்ப வீட்டுல என்னதாங்க வரும்?" என்று என் மனைவி கேட்டாள். "வீடு வரும் மேடம்" என்றார் சிரித்துக்கொண்டே.

பிறகு மாடி அறை யோசனை. "மேல ஒரு ரூம், தனிப் படிக்கட்டு, அட்டாச்டு பாத்ரூம் போட்டுடுவோம் சார். டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் ஃபாரினர்ஸுக்கு விட்டீங்கன்னா..." ஆங்கில எழுத்தாளர் பால் பிரண்டன் திருவண்ணாமலையில் வாழ்ந்த ரமண மகரிஷியைப் பற்றி எழுதிய புத்தகம் 1934-இல் வெளிவந்தது. அதைப் படித்துவிட்டு வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கி இத்தனை வருஷம் கழித்து, அதன் பலன் என் வீட்டு மாடியில் ஒரு வெஸ்டர்ன் கழிப்பறையாக வந்து நின்றது.

வீடு கட்டும் இடத்தில் முதலாளி ஒருவராக இருந்தால் சரிப்படும், எங்கும் இருப்பதில்லை. ரமணாச்ரமத்திலேயே இருந்ததில்லை. 1928-இல் அங்கே வந்து சேர்ந்த அண்ணாமலை சுவாமி கட்டட வேலை படித்தவர் அல்ல. ஆனாலும் கோசாலை, சாப்பாட்டுக் கூடம் என்று பல வேலைகளை நின்று நடத்தியவர் அவர்தான். ரமணர் ஒரு அளவு சொல்வார். ஆசிரம நிர்வாகியும் ரமணரின் தம்பியுமான சின்னசாமி, பணக் கவலையில் வேறு அளவு சொல்வார். கோசாலையைச் சிறிதாகக் கட்டினால் போதும் என்று சின்னசாமி நினைக்க, பெரிதாகக் கட்டச் சொன்னவர் ரமணர். நடுவில் மாட்டிக்கொண்டவர் அண்ணாமலை சுவாமி. பிற்காலத்தில் இதையெல்லாம் அவரே சொல்லிப் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது. மாயை பற்றிச் சந்தேகம் கேட்க வந்தவரைச் சுவர் அளக்க வைத்த ஊர் இது. என் வீட்டில் சின்னசாமி நான், ரமணர் என் மனைவி. பில்டர் யார் சொல்லைக் கேட்டார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்பா வேலையை மேற்பார்த்தது வேப்ப மரத்தடியில் மடக்கு நாற்காலி போட்டு. பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அங்கேதான். சித்தாள் ஒரு சட்டி கலவையைக் கீழே சிந்தினால் அப்பா தொண்டையைக் கனைப்பார். சனிக்கிழமை சாயங்காலம் கையில் சில்லறையோடு உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூலி கொடுப்பார். யாருக்குப் பிள்ளை பிறந்தது, யார் வீட்டில் காய்ச்சல் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். என் வீட்டுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் வேலை செய்தார்கள். என் மனைவிக்குத் தெரிந்த இந்தி "பானி" ஒன்றுதான். தண்ணீர் ஊற்றிச் சுவரை நனைக்கச் சொல்வதற்கும் அதே சொல், குடிக்க வேண்டுமா என்று கேட்பதற்கும் அதே சொல். அவர்கள் இரண்டையும் சரியாகப் புரிந்துகொண்டார்கள்.

எங்கள் மேற்பார்வை வாட்ஸ்அப்பில் நடந்தது. 'நம்ம வீடு' என்று குரூப். பில்டர், அவருடைய சைட் இன்ஜினியர், நான், மனைவி, பெங்களூரிலிருந்து மகன். நாங்கள் சென்னைக்குப் போயிருந்த நாட்களில் காலையில் "கியூரிங் டன் சார்" என்று ஈரச் சுவரின் படம் வரும். கான்கிரீட்டையும் பூச்சையும் குறைந்தது ஏழு நாளாவது நனைக்க வேண்டும், பத்துப் பதினான்கு நாள் நனைத்தால் இன்னும் நல்லது. இந்த ஒன்றில் சுண்ணாம்புக்கால மேஸ்திரியும் இன்றைய இன்ஜினியரும் ஒரே கட்சி. சில நாள் கழித்து மகன்தான் கவனித்தான். எல்லாப் படத்திலும் சுவர்மேல் ஒரு காக்கை, இடது காலைத் தூக்கியபடி, ஒரே கோணத்தில். குரூப்பில் போட்டான்: "அங்கிள், காக்காவும் கியூர் ஆயிடுச்சா?" அன்று சாயங்காலமே லைவ் வீடியோ வந்தது. காக்கை இல்லை, தண்ணீர் இருந்தது.

தீபத்துக்கு வேலை நிற்பது மட்டும் மாறவில்லை. இப்போது கூடுதலாகப் பௌர்ணமிக்குப் பௌர்ணமியும் நிற்கிறது. கிரிவலப் பாதையில் அன்றைக்கு வண்டிகளை விட மாட்டார்கள். எம்-சாண்ட் லாரி வராது, கம்பி வராது. பக்தி பெருகியதால் மனை விலை ஏறியது, அதே பக்தியால் லாரி நின்றது.

பேஸ்மட்டம் போடும்போதுதான் அம்மா சைட்டைப் பார்க்க வந்தார். காரிலிருந்து இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, எங்கள் முப்பதடி ரோட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

"இது வாய்க்கா இல்லடா?"

"ரோடு சார் இது, அப்ரூவ்டு லேஅவுட்" என்றார் பில்டர் என்னைப் பார்த்து.

"தம்பி, நீ பொறக்கறதுக்கு முன்னாடி நான் இதுல துணி தொவைச்சிருக்கேன். மலைல பேஞ்சா இதுலதான் எறங்கும். மட்டத்த ஏத்திக் கட்டு" என்றார் அம்மா.

அவ்வளவுதான் நிலவியல் ஆய்வு. மூன்றடி உயர்த்தினோம். கிராவல் நிரப்பி, கருங்கல் வரிசை கூட்டி. எக்ஸ்ட்ரா.

2024 டிசம்பர் முதல் தேதி ஃபெஞ்சல் புயல் மழை. திருவண்ணாமலை அப்படி ஒரு மழையைப் பார்த்ததில்லை என்றார்கள் பெரியவர்கள். மலையின் கிழக்குச் சரிவில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. குழந்தைகள் உட்பட ஏழு பேர் போனார்கள். அந்தச் சரிவில் வீடு கட்டியவர்கள் ஹில் வியூவுக்காகக் கட்டியவர்கள் அல்ல; வேறு இடம் வாங்க வழியில்லாமல் கட்டியவர்கள். மலையை ஒட்டி இருப்பது ஏழைக்கு வேறு வழியில்லாமை, எனக்குச் சதுர அடிக்கு இருநூறு ரூபாய் கூடுதல். இதில் வேடிக்கையாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

எங்கள் பக்கம் சரிவு இல்லை, தண்ணீர்தான். நஞ்சை போய், புளிய மரம் போய், வாய்க்கால் தார் ரோடானது எல்லாம் மனிதர்களுக்குத்தான் தெரியும். தண்ணீருக்கு யாரும் சொல்லவில்லை. அப்பாவின் பத்திரத்தில் தெற்கெல்லை என்று எழுதியிருந்த அதே கோட்டில், ஒரு அடி விலகாமல், செம்மண் நிறத்தில் ஓடியது. எங்கள் இரண்டாவது படியோடு நின்றது. எதிர்வரிசையில் மட்டத்தை ஏற்றாத வீடுகளில் சோபா மிதந்தது.

மழை விட்ட வாரத்தில் பில்டர் வந்து வீட்டைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். அவருடைய புது விளம்பரத்தில் எங்கள் வீடு இருக்கிறது: 'வெள்ளத்தை வென்ற கட்டுமானம்.' பின்னால் ஊட்டி மலை. அம்மாவின் பெயர் இல்லை.

இப்போது வீடு கட்டுவது சுலபம்தான். எனக்கு அனுமதி வாங்கி முடித்த பிறகு, 2024 ஜூலையில், 2,500 சதுர அடி வரை மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்குச் சுயசான்று கொடுத்து இணையத்திலேயே உடனடி அனுமதி பெறலாம் என்று அரசு கொண்டுவந்தது. பட்டா, வில்லங்கம், புலப்படம் எல்லாம் போனிலேயே பார்க்கலாம். பார்க்கவும் வேண்டும். ஆனால் அதில் தெரியாத ஒன்று: எங்கள் ஜன்னலுக்கு எதிர் மனைக்காரர் மூன்று மாடி கட்டுகிறார். மலை இப்போது மொட்டை மாடியிலிருந்து மட்டும் தெரிகிறது. அம்மா அங்கேதான் வடகம் போடுகிறார். காய்வதற்கு இன்னமும் தாமதம்தான்.

இந்தப் பக்கம் மனை வாங்க வருகிறவர்களுக்கு ஒன்று. சித்திரையில் வந்து பார்க்காதீர்கள்; சித்திரையில் எல்லா மனையும் நல்ல மனைதான். ஐப்பசி, கார்த்திகையில், மழை பெய்துகொண்டிருக்கும்போதே வாருங்கள். பக்கத்தில் யாராவது வயதானவர் இருந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேளுங்கள். புரோக்கர் அன்றைக்கு வர மாட்டார். அவர் இல்லாமலே போய்ப் பாருங்கள்.